பாழான ஃபைல் அல்ல, பாமினி

பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கும் என் தம்பி மகள், சென்ற ஆடி மாதம் வாட்ஸ்அப்பில் பிரெஞ்சில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். "பெரியப்பா, அப்பா உங்களுக்குக் கணினியில் கடிதம் எழுதுவாரே, அவற்றில் ஏதாவது வைத்திருக்கிறீர்களா? இங்கே ஒன்றும் இல்லை." தம்பி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது.

வைத்திருந்தேன். 1999 முதல் 2003 வரை அவன் எழுதிய 14 கடிதங்கள் ஃபிளாப்பியிலிருந்து சி.டி.க்கும், சி.டி.யிலிருந்து பென் டிரைவுக்கும் குடிபெயர்ந்து வந்திருந்தன. ஆனால் திறந்தால் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் எறும்புப் புற்றைக் கலைத்ததுபோல் ஓடும். சில வருஷம் முன்பு ஒரு கணினிக் கடையில் காட்டினேன். "சார், ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு, டெலீட் பண்ணிடுங்க" என்றார் அங்கிருந்த பையன். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தேன். மூன்று போனதும் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டேன். மீதி 11 தப்பியது அந்தச் சாப்பாட்டால்தான்.

மகள் கேட்டபின் மறுபடி திறந்தேன். முதல் வரியின் தொடக்கத்தில் எம், டி, அரைப்புள்ளி, பெரிய ஜி, எஸ், அரைப்புள்ளி, எஸ். கண்ணுக்கு அர்த்தம் இல்லை. ஆனால் விரல்களுக்கு ஏதோ தெரிந்தது. தமிழ்த் தட்டச்சு லோயர் படித்தவர்களுக்கு 'யளனக' மறக்குமா? இடது கையின் நான்கு விரல்களும் நிற்கிற இடம் அது. ஆங்கில யந்திரத்தில் ஏ, எஸ், டி, எஃப் இருக்கும் இடத்தில் தமிழ் யந்திரத்தில் ய, ள, ன, க. எம் இருக்கும் இடத்தில் அ. எல்லுக்கு அடுத்த அரைப்புள்ளியின் இடத்தில் புள்ளி. ஷிஃப்ட் போட்டு ஜி அடித்தால் பு. திரையைப் பார்க்காமல் மேசைமேல் வெறுங்கையால் அடித்துப் பார்த்தேன். 'அன்புள்ள' என்று வந்தது.

ஃபைல் கெட்டுப்போகவில்லை. இருபது வருஷமாக வேஷம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இந்த வேஷம் ஏன் வந்தது என்பது நம் தலைமுறை கண்ணெதிரே நடந்த சரித்திரம். நம்மில் பலரிடம் இப்படிப்பட்ட பழைய ஃபைல்கள் இருக்கும் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். 1963-இல் அமெரிக்காவில் ஆஸ்கி என்ற எண்பட்டியல் ஒன்றை வகுத்தார்கள். மொத்தம் 128 இடங்கள். ஆங்கிலத்துக்கு அது போதும். நான் படித்த பிரெஞ்சுக்கே போதாது, மேலே ஏறும் அக்சான்களுக்கு அதில் இடமில்லை. பிறகு பட்டியலை 256 ஆக்கி மேல் பாதியில் ஐரோப்பிய எழுத்துகளை உட்காரவைத்தார்கள். அப்போதும் ஓவும் ஈயும் ஒட்டிய பிரெஞ்சு எழுத்தை விட்டுவிட்டார்கள். இதயம், சகோதரி, முட்டை என்ற மூன்று பிரெஞ்சுச் சொற்களையும் அது இல்லாமல் சரியாக எழுத முடியாது! பிரான்சுக்கே அந்தக் கதி என்றால் தமிழை யார் கேட்டார்கள்?

நம்மவர்கள் காத்திருக்கவில்லை. குறுக்கு வழி ஒன்று கண்டார்கள். எம் என்ற எழுத்தின் எண் 109. அந்த எண்ணை அப்படியே விட்டுவிட்டு, அது திரையில் தெரியும் உருவத்தை மட்டும் அ என்று வரைந்துவிட்டார்கள். இதுதான் அந்தக் கால எழுத்துரு, அதாவது ஃபான்ட். கணினி தான் ஆங்கிலம் சேமிப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும், நாம் தமிழ் படிப்போம். எந்த உருவத்தை எந்த விசையில் வைப்பது? அந்தக் கேள்விக்கு விடை ஏற்கெனவே இருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா, நம் 247 எழுத்தையும் ஒரு தட்டச்சு யந்திரத்தின் சில டஜன் விசைகளுக்குள் அடக்கிக் காட்டியிருந்தார். பிரெஞ்சு யந்திரத்தில் அக்சானை அடித்தால் வண்டி நகராது, எழுத்தை அடித்தபின்தான் நகரும். அதைப் போன்ற நகரா விசையைத் தமிழிலும் அமைத்தவர் அவர். அசெர்த்தி யந்திரத்தில் பழகிவிட்டுத் தமிழ் யந்திரத்துக்கு வந்த எனக்கு அது ஒன்றுதான் பழைய சிநேகிதமாகப் பட்டது.

பாமினி என்ற எழுத்துரு அந்தத் தட்டச்சு முறையைத் தழுவியது. ஈழத்தமிழர்கள் போன இடமெல்லாம் பாமினியும் போயிற்று. பாரிஸில் தம்பிக்கு அதை ஃபிளாப்பியில் கொடுத்தவர் லா ஷப்பேல் பகுதியில் கடை வைத்திருந்த ஓர் ஈழத்து நண்பர். எனக்கும் கடிதத்தோடு அந்த எழுத்துருவை இணைத்து அனுப்பியிருந்தான். அதனால்தான் அன்று படிக்க முடிந்தது. அந்தப் பழைய கணினி காயலான் கடைக்குப் போனபோது எழுத்துருவும் கூடவே போய்விட்டது, அவ்வளவுதான்.

அவன் பட்ட பாடு இன்னொன்று. எழுத்துரு விசையின் இடத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது. பிரான்சு விசைப்பலகையில் ஏ மேல் வரிசைக்குப் போய்விடும், எம் எல்லுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். ஆகவே 'யளனக' அங்கே சிதறிவிடும். விசைகள்மேல் சீட்டு ஒட்டி ஒற்றை விரலால் தட்டுவதாக எழுதியிருந்தான். ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் ஆயிற்றோ!

அந்த நாளில் ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு எண்முறை. மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல். இணையத்தில் கூடிப் பேசிப் பல நாட்டுத் தமிழர் உருவாக்கியது டிஸ்கி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழியாக வந்தவை டாம், டாப் என்ற இரண்டு முறைகளும் தமிழ்99 விசைப்பலகையும். ஒரு பத்திரிகையின் தளத்தைப் படிக்க ஓர் எழுத்துரு, அடுத்த பத்திரிகைக்கு வேறொன்று என்று இறக்கியது பலருக்கு நினைவிருக்கும். இத்தனைக்கும் 1991-லேயே யூனிகோடு தமிழுக்குத் தனி இடம் கொடுத்துவிட்டது. அதில் அ-வின் எண் 2949. வேறு எந்த மொழியும் அதில் குடியிருக்க முடியாது. ஆனால் சாதாரண வீட்டுக் கணினி அதைக் காட்டுவதற்கு விண்டோஸ் 2000-உம் லதா எழுத்துருவும் வர வேண்டியிருந்தது. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தன் அலுவல் தரமாக ஏற்று ஆணையிட்டது 2010-இல்.

உங்களிடம் பழைய ஃபைல் இருந்தால், முதலில் அதற்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு நகலில் மட்டும் கைவையுங்கள். குப்பையாகத் தெரிவதிலும் வகை உண்டு. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருந்தால் பெரும்பாலும் பாமினி வகை. அக்சான் போட்ட எழுத்துகளாக, பிரெஞ்சுக்காரன் காய்ச்சலில் உளறியதுபோல் இருந்தால் டிஸ்கி, டாப், டாம் இவற்றில் ஒன்று. சதுரம் சதுரமாக இருந்தால் எழுத்து சரிதான், காட்டுவதற்கு எழுத்துரு இல்லை. கேள்விக்குறிகளாகவே இருந்தால், யூனிகோடு தமிழை யாரோ பழைய முறையில் சேமித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதை மீட்க முடியாது.

வேர்டு ஃபைலாக இருந்தால் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து, மேலே எழுத்துருவின் பெயர் காட்டும் கட்டத்தைப் பாருங்கள். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் அங்கே நிற்கும். அந்தப் பெயர் தெரிந்தால் முக்கால் வேலை முடிந்தது. பிறகு மாற்றி. சுரதாவின் பொங்குதமிழ், என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்று நம்மவர்களே செய்து இலவசமாகத் தந்தவை உண்டு. பழைய எழுத்தை ஒரு பெட்டியில் ஒட்டி, முறையைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த பெட்டியில் யூனிகோடு வரும். சொத்து விவகாரம், வங்கி விவரம் உள்ள கடிதங்களை மட்டும் இணையத் தளங்களில் ஒட்டாதீர்கள். கணினியிலேயே நிறுவிக்கொள்ளும் மாற்றி அதற்கு நல்லது. மாற்றிய பின்னும் மூலத்தை அழிக்கக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

2001-ஆம் வருஷக் கடிதம் மாறி வந்தபோது அதில் இப்படி ஒரு வரி இருந்தது: 'சின்னவள் டியஉ முடித்துவிட்டாள் அண்ணே.' டியஉ என்றால் என்ன? ஏதோ நோயா என்றுகூட நினைத்தேன். மூலத்தைத் திறந்து பார்த்தால் அந்த மூன்று எழுத்து மட்டும் வேறு எழுத்துருவில் இருந்தது. பி, ஏ, சி. பாக்! பள்ளியிறுதித் தேர்வு. தமிழுக்கு நடுவே தம்பி பிரெஞ்சில் அடித்ததையும் மாற்றி தமிழென்று எண்ணிப் புரட்டிவிட்டது. இன்னொரு கடிதத்தின் முடிவில் 'அநசஉ' என்று நான்கு எழுத்தும், ஒட்ட இடமில்லாமல் ஓர் ஐகாரக் குறியும் கிடந்தன. அது மெர்சி. நான் அவனுக்குப் பணம் அனுப்பிய மாதம் அது. அந்தச் சொல்லைத் தமிழில் எழுத அவனுக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

அந்தச் சின்னவள்தான் இப்போது கடிதம் கேட்டவள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஆகவே 11 கடிதங்களையும் ஃபோனில் நானே வாசித்துப் பதிவு செய்து, எழுத்தோடு சேர்த்து அனுப்பினேன். பாக் பாஸான கடிதத்தை மூன்று முறை கேட்டேன் என்று பதில் வந்தது. பிறகு இன்னொரு செய்தி. 14 என்றீர்களே, மற்ற மூன்றும் எங்கே பெரியப்பா?

ஒன்றில் அம்மாவின் கண் ஆபரேஷன் பற்றி விசாரித்திருந்தான். மற்ற இரண்டு எனக்கு நினைவில்லை. அவளுக்கு இன்னும் பதில் போடவில்லை.