மயிலும் வள்ளியும்

ஷோபாவைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அவர் இறந்த நாளிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஸ்ரீதேவியைப் பற்றி எழுதுகிறவர்களோ பம்பாயில் அவர் ஆண்ட காலத்தில் நின்றுகொண்டு பழைய தமிழ்ப் படங்களைத் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒருவர் படத்தைப் பார்க்கும்போது மரணம் குறுக்கே வந்து நிற்கிறது, மற்றவர் படத்தைப் பார்க்கும்போது புகழ். இரண்டையும் ஒதுக்கிவிட்டு 1976 முதல் 1982 வரையிலான படங்களை மட்டும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஏறக்குறைய ஒரே வயது, ஒரே விதமான குழந்தைப் பருவம், சில படங்களுக்கு அதே இயக்குநர்கள். இவ்வளவு பொருத்தத்தோடு இரண்டு நடிகைகளை ஒப்பிடுகிற வாய்ப்பு தமிழ் சினிமாவில் சுலபமாகக் கிடைப்பதில்லை.

ஷோபா பிறந்தது 1962 செப்டம்பரில். ஸ்ரீதேவி 1963 ஆகஸ்டில். ஷோபாவின் இயற்பெயர் மகாலட்சுமி. அம்மா பிரேமா மலையாளப் படங்களில் நடித்தவர். ஸ்ரீதேவி சிவகாசிக்குப் பக்கத்து மீனம்பட்டியைச் சேர்ந்தவர், அப்பா வக்கீல். சினிமா ஒரு வீட்டில் ஏற்கெனவே குடியிருந்தது, இன்னொரு வீட்டுக்கு அந்தக் குழந்தையோடுதான் வந்தது. 1966-ல் சந்திரபாபு இயக்கிய ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ படத்தில் ‘பேபி மகாலட்சுமி’ வந்தபோது அவருக்கு நான்கு வயது இருக்கும். 1969-ல் தேவர் தயாரித்த ‘துணைவன்’ படத்தில் முருகனாக நின்ற ‘பேபி ஸ்ரீதேவி’க்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை. அதே ஆண்டு ‘நம் நாடு’ படத்தில் எம்.ஜி.ஆரோடு, 1971-ல் ‘பாபு’வில் சிவாஜியோடு என்று வரிசை நீண்டது. கேரள அரசு இருவருக்குமே சிறந்த குழந்தை நட்சத்திர விருது கொடுத்திருக்கிறது: ஸ்ரீதேவிக்கு ‘பூம்பாட்டா’, ஷோபாவுக்கு ‘யோகமுள்ளவள்’, ‘அவளல்பம் வைகிப்போயி’ ஆகிய படங்கள். ஆக, நாயகியாவதற்கு முன்பே இரண்டு பேருக்கும் பல வருட ‘சர்வீஸ்’. மார்க் எங்கே, லைட் எங்கே, எதிரே பெரிய நடிகர் நிற்கும்போது தான் எங்கே பார்க்க வேண்டும் என்பதெல்லாம் மற்றப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற வயதிலேயே படிந்துவிட்ட சங்கதிகள்.

குழந்தை நட்சத்திரங்களுக்கு ஒரு கெட்ட காலம் உண்டு. பாவாடைக்கும் தாவணிக்கும் நடுவே இரண்டு மூன்று வருடம் யாரும் கூப்பிட மாட்டார்கள். இந்த இரண்டு பேருக்கும் அந்த இடைவெளியைக் கோடம்பாக்கம் கொடுக்கவே இல்லை; குழந்தையிலிருந்து நேராகப் பெரிய மனுஷி. தமிழில் இருவரையும் அப்படித் தாண்ட வைத்தவர் ஒருவரே. கே. பாலசந்தரின் ‘மூன்று முடிச்சு’ (1976) வந்தபோது ஸ்ரீதேவிக்கு 13 வயது. பாலசந்தரின் ‘நிழல் நிஜமாகிறது’ (1978) வந்தபோது ஷோபாவுக்கு 15.

அந்த வயதுகளை மனத்தில் வைத்துக்கொண்டு கதைகளைக் கேட்க வேண்டும். ‘மூன்று முடிச்சு’ செல்வியின் காதலன் ஏரியில் மூழ்குகிறான். காப்பாற்ற முடிந்த நண்பன் பார்த்துக்கொண்டு இருக்கிறான். பிறகு அதே நண்பனின் அப்பாவை மணந்து, அவனுக்குச் சித்தியாக வந்து நிற்கிறாள் செல்வி. ‘நிழல் நிஜமாகிறது’ திலகம் வேலைக்காரப் பெண். வீட்டு முதலாளியால் கர்ப்பமாகிக் கைவிடப்படுகிறாள். ‘16 வயதினிலே’ (1977) மயில், டீச்சர் வேலைக்குப் படிக்க ஆசைப்பட்டு, ஊருக்கு வந்த டாக்டரிடம் ஏமாறுகிறாள். துரை இயக்கிய ‘பசி’ (1979) குப்பம்மா, சேரியில் குப்பை பொறுக்குகிறவள், லாரி டிரைவரிடம் ஏமாறுகிறாள். ஏமாற்றப்பட்ட பெண் என்பது அந்தக் காலத்து ‘நல்ல படம்’ எடுத்தவர்களுக்கு ஒரு மோகம் என்றே சொல்லிவிடலாம். அந்தப் பெண்களின் சுமையை 14, 15, 17 வயதுப் பிள்ளைகள் சுமந்தார்கள். அன்றைய விமர்சகர்கள் ‘வயதுக்கு மீறிய முதிர்ச்சி’ என்று பாராட்டினார்கள். முதிர்ச்சிதான், மறுக்கவில்லை. அதை எதற்காக அந்த வயதில் கேட்டார்கள் என்பதையும் யாராவது கேட்டிருக்கலாம்.

பொதுவாக ஒரு பாகப்பிரிவினை செய்வார்கள். ஷோபா நடிகை, ஸ்ரீதேவி நட்சத்திரம். ஷோபா இயல்பு, ஸ்ரீதேவி அழகு. எனக்கு இதில் உடன்பாடில்லை. இயக்குநர் மகேந்திரனின் இரண்டு படங்களே இதைக் கலைத்துப் போடுகின்றன.

‘முள்ளும் மலரும்’ (1978) கடைசிக் காட்சி. விஞ்ச் ஆபரேட்டர் காளிக்குத் தங்கை வள்ளி மட்டும்தான் உலகம். அவனுக்குப் பிடிக்காத இன்ஜினியரைக் கட்டிக்கொள்ள, ஊர்க்காரர்கள் சூழ வள்ளி போய்க்கொண்டிருக்கிறாள். வழியில் அண்ணன் தனியாக நிற்கிறான். அவனைத் தாண்டிக் கூட்டம் போகிறது, அவளும் போகிறாள். பிறகு நின்று, திரும்பி, ஓடி வந்து அண்ணனைக் கட்டிக்கொள்கிறாள். அந்த இடத்தில் ஷோபாவுக்குச் சொல்லிக்கொள்ளும்படி வசனம் எதுவும் கிடையாது. பேசுவதெல்லாம் காளியாக வரும் ரஜினி. ஆனால் ரஜினியின் அந்தப் புகழ்பெற்ற பேச்சுக்கு எடை வருவது ஷோபா ஓடி வந்த விதத்தால். நாடகத்தனமாகக் கைகளை விரித்துக்கொண்டு ஓடவில்லை. ஸ்கூல் விட்டு வீட்டைப் பார்த்து ஓடுகிற பிள்ளை மாதிரி ஓடுகிறார். படம் முழுக்க அண்ணனுக்குப் பயந்தும், அவனைச் செல்லம் கொஞ்சியும், அவனிடம் மறைத்தும் வந்த ஒருத்தியின் கணக்கு அந்த ஓட்டத்தில் தீர்ந்துவிடுகிறது.

இரண்டு வருடம் கழித்து ‘ஜானி’ (1980). பாடகி அர்ச்சனா ஜானியிடம் தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளும்படி கேட்கிறாள். அவன் திருட்டுத் தொழில் செய்கிறவன். அதைச் சொல்ல முடியாமல் தயங்குகிறான். அவளோ அந்தத் தயக்கத்தை வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறாள்: மேடையில் பாடுகிறவள் என்பதால்தானே யோசிக்கிறான்? இந்த ஒரு காட்சியில் ஸ்ரீதேவி எத்தனை இடம் மாறுகிறார் என்று பாருங்கள். கேட்பதற்கு முன் ஒரு கூச்சம், கேட்டபின் பதிலுக்குக் காத்திருக்கும்போது ஒரு பதைப்பு, அவன் மௌனம் நீள நீள ஏறுகிற அவமானம், அப்புறம் கொட்டித் தீர்க்கிற படபடப்பு. முகத்தை நெரித்துக்கொண்டு அழுவதெல்லாம் இல்லை. குரல் மட்டும் வேகம் கூடுகிறது. இதை ‘அழகு’ என்ற கணக்கில் எழுதி மூடிவைப்பது அநியாயம். அப்போது அவருக்கு 17 வயதே நிரம்பியிருந்தது. படத்தில் அர்ச்சனாவை அப்படி யாரும் நினைக்க முடியாது.

வேறுபாடு இல்லை என்று சொல்ல வரவில்லை, இருக்கிறது. ஸ்ரீதேவிக்குக் கேமரா எங்கே இருக்கிறது என்பது தெரியும், தெரிந்ததை நம்மிடமிருந்து மறைப்பதுமில்லை. அவர் உணர்ச்சி முகத்துக்கு வந்து, கண்ணில் கொஞ்சம் நின்று, நமக்குக் கிடைத்துவிட்டது என்று உறுதியான பிறகே நகரும். ஷோபாவுக்கும் கேமரா தெரியும். ஆனால் அதற்குப் பாதி முதுகைக் காட்டியபடி வேலை செய்வார். ‘முள்ளும் மலரும்’, ‘பசி’ இரண்டிலும் அவர் முக்கியமானதைச் செய்யும்போது கை வேறு எதையோ செய்துகொண்டிருக்கும். ‘பசி’யில் மேக்கப் இல்லாமல் நடித்தார் என்பதைப் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது நடை. தோளில் சாக்கு இல்லாத காட்சியிலும் சாக்கு சுமந்து பழகிய உடம்பாகவே அவர் நடப்பார். இதை ‘இயல்பு’ என்று சொன்னால் உழைப்பில்லாமல் வந்தது போல் ஆகிவிடுகிறது. நான்கு வயதிலிருந்து கேமரா முன் நின்ற ஒருவருக்கு இயல்பு என்பதே கற்றுக்கொண்ட பாடம்தான்.

இன்னொரு ஜோடி, அதிகம் பேசப்படாதது. பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978), பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ (1980). இரண்டும் மனநோயுள்ள கொலைகாரனின் கதை, இரண்டிலும் அவனோடு ஒரு வீட்டில் அகப்பட்டுக்கொள்ளும் பெண். ஸ்ரீதேவியின் சாரதா விரும்பிக் கட்டிக்கொண்டவள். தான் யார் வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்பது ஓர் இரவில்தான் தெரிகிறது. பாரதிராஜா அந்தப் பயத்தை முழுக்க முழுக்க ஸ்ரீதேவியின் கண்களில் எழுதினார். அகல விரிந்த அந்தக் கண்களின் குளோஸப்பை எடுத்துவிட்டால் படத்தின் இரண்டாம் பாதி நொண்டும். ஷோபாவின் ரேகா கடத்திக்கொண்டு வரப்பட்டவள். எதிரே உட்கார்ந்து கிட்டார் வாசித்துப் பாடுகிறவனே அவளைக் கடத்தியவன். பாட்டு இனிமையான பாட்டு. கேட்கிறவள் அதில் மயங்கவும் கூடாது, அலறவும் கூடாது. அலறாத பயம் கடினமான வேலை. இதில் யார் மேல் என்று என்னைக் கேட்டால் ஷோபா பக்கம்தான் சாய்வேன். பாரதிராஜா ஸ்ரீதேவியிடம் அதைக் கேட்கவில்லை என்பதும் உண்மை.

வேலையின் அளவில்தான் இருவர் பாதையும் முதலில் பிரிந்தது. ‘16 வயதினிலே’ ஓடிய ஓட்டத்தில் ஸ்ரீதேவி அதே வேடத்தைத் தெலுங்கில் ‘பதஹாரேள்ள வயசு’ (1978), இந்தியில் ‘சோல்வா சாவன்’ (1979) என்று மூன்று மொழியில் நடித்தார். இந்தி எடுபடவில்லை. தெலுங்கு மட்டும் அவரை விடவில்லை. 1972-ல் ‘படி பந்துலு’வில் என்.டி. ராமராவின் பேத்தியாக வந்த குழந்தை, 1979-ல் ‘வேட்டகாடு’ படத்தில் அவருக்கே ஜோடி. ஏழே வருடம். அவருக்கு 56 வயது, ஸ்ரீதேவிக்கு 16 முடியவில்லை. இதை ரசமான துணுக்காகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அதில் ரசம் எதுவும் தட்டுப்படவில்லை.

ஷோபாவின் கணக்கு வேறு. கன்னடத்தில் ‘கோகிலா’ (1977), ‘அபரிசிதா’ (1978), மலையாளத்தில் ‘உள்க்கடல்’, ‘சாலினி என்டெ கூட்டுகாரி’ என்று சிறிய, கவனமான படங்கள். தமிழில் வணிகப் படமும் உண்டு. ‘ஏணிப்படிகள்’ (1979) கிராமத்துப் பெண் சினிமா நட்சத்திரமாக ஏறிப்போகிற கதை. ஸ்ரீதேவிக்குப் பொருந்தும் அந்தக் கதையில் நடித்தவர் ஷோபா! ‘அழியாத கோலங்க’ளில் ஊருக்குப் புதிதாக வந்த டீச்சர். அவரை மறைந்து மறைந்து ரசிக்கும் பையன்களைவிட நிஜத்தில் சில வயதே மூத்தவர். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகுகிற விதத்தில் அந்த வயது வித்தியாசத்தை அவரே உண்டாக்கிக்கொண்டார். ‘பசி’க்காக அந்த ஆண்டின் தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. ஸ்ரீதேவிக்கு அது கிடைக்க 65-வது தேசிய விருதுகள் வரை ஆயிற்று. ‘மாம்’ படத்துக்காக அதை அறிவித்தபோது அவர் உயிரோடு இல்லை.

1980 மே 1 அன்று ஷோபா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 17 வயது. தன்னைவிட மிக மூத்தவரும் ஏற்கெனவே மணமானவருமான பாலு மகேந்திராவோடு அவருக்கிருந்த உறவைப் பற்றி அன்றும் பின்பும் நிறைய எழுதப்பட்டது. பாலு மகேந்திராவும் பிற்பாடு பேசியிருக்கிறார். அந்தப் பேச்சுக்குள் நான் போகவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்வேன்: இன்றைய சட்டப்படி அவர் மைனர். ‘மூடுபனி’ அவர் போனபிறகுதான் திரைக்கு வந்தது.

அதே பாலு மகேந்திரா அடுத்து 1982-ல் ஸ்ரீதேவியை வைத்து ‘மூன்றாம் பிறை’ எடுத்தார். விபத்தில் நினைவு தப்பிக் குழந்தையாகிவிட்ட விஜி. படம் வந்தபோது ஸ்ரீதேவிக்கு 18. குழந்தையாக இருக்க வேண்டிய வயதில் பெரியவளாக நடித்தவர், பெரியவளான வயதில் குழந்தையாக நடிக்கிறார். இந்தப் படத்தில் அவர் கொஞ்சம் அதிகம் செய்துவிட்டார் என்று சொல்கிறவர்கள் உண்டு. நாய்க்குட்டிக் காட்சிகளில் எனக்கும் அப்படித் தோன்றும். ஆனால் அந்த ‘அதிகம்’ எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், ‘துணைவன்’, ‘பாபு’ காலத்துப் பேபி ஸ்ரீதேவியின் கைச்சரக்கு அது. அந்தக் காலத்துத் திரைக் குழந்தைகள் அப்படித்தான் தலையாட்டிப் பேசின. ஷோபா இந்த வேடத்தைச் செய்திருந்தால் பாதியாகக் குறைத்திருப்பார். ஆனால் நினைவு திரும்பிய பின், கேத்தி ரயில் நிலையத்தில் ஸ்ரீதேவி ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே கோமாளித்தனம் செய்கிற, இதுவரை தன்னைப் பார்த்துக்கொண்டவனை யாரோ பைத்தியம் என்று நினைத்துப் பார்க்கிற அந்தப் பார்வையை மட்டும் யாராலும் குறைத்திருக்க முடியாது. அதில் இரக்கம் ஒரு துளி, அருவருப்பு ஒரு துளி; அடையாளம் துளிகூட இல்லை.

1983-ல் ‘ஹிம்மத்வாலா’ வந்தது. ஸ்ரீதேவி அத்தோடு பம்பாய்க்குச் சொந்தமானார். ‘உள்க்கடலி’ல் ஷோபாவை இயக்கிய கே.ஜி. ஜார்ஜின் ‘லேகயுடெ மரணம் ஒரு ஃப்ளாஷ்பேக்’ வந்ததும் அதே ஆண்டுதான். ஷோபாவின் வாழ்க்கையை வைத்தே எடுக்கப்பட்டதாக எல்லோரும் பேசிக்கொண்ட படம். ஜார்ஜ் பெரிய இயக்குநர், படமும் சாதாரணப் படமில்லை. இருந்தும் லேகா எப்படிச் செத்தாள் என்ற கேள்விக்குத்தான் அதில் இடம் அதிகம். அவள் எப்படி நடித்தாள் என்பதற்கு ‘பசி’யையும் ‘முள்ளும் மலரும்’ படத்தையும்தான் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.