சங்கிலியும் கபடியும்

கோடம்பாக்கத்துக்குக் கொஞ்ச தூரத்துல இருக்கிற கீழ்ப்பாக்கம் பேரை இன்னமும் கேலிக்குத்தான் சொல்றோம். 1871-லிருந்து அங்கே மனநோய்க்கு வைத்தியம் நடக்கிறது. அந்த ஆஸ்பத்திரியை நடத்திய டாக்டர் சாரதா மேனன், மனச்சிதைவு வந்தவர்களின் மறுவாழ்வுக்காக 1984-ல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். அதற்குப் பிறகும், 2001-ல் ஏர்வாடி தீயில் 28 பேர் செத்தாங்க. சங்கிலியில் கட்டியிருந்ததால் தப்பி ஓட முடியலை.

சங்கிலியை அவிழ்த்தால் மட்டும் போதுமா? ஊரோட சேர்க்கணுமே! 2018-ல் ரோம் நகரத்தில் மனநோயோடு வாழ்பவர்களுக்கென்றே கால்பந்து உலகக்கோப்பை நடந்தது. எங்க ஊருக்குச் சாயங்காலக் கபடி போதும். மாத்திரையை விடவேண்டாம், அது பாட்டுக்கு நடக்கட்டும். ஓடியாடி உடம்பு களைச்சா தூக்கம் வரும். ஒருநாள் வரலைன்னா நாலு பேர் வீடு தேடி வருவாங்க. “அவனுக்குச் சரியாயிடுச்சா?”ன்னு வீட்டாரைக் கேட்கிற ஊர், “ஆட வர்றியாப்பா?”ன்னு அவனையே கேட்கணும்.