எது சொல்? எவர் தீர்ப்பு?

பலகையின் முன்னே ஏழு எழுத்துகள். அவற்றை முன்னும் பின்னும் மாற்றி அடுக்கி, சொல் ஒன்றைப் படைக்கிறான் ஒருவன். "இது சொல்லே அன்று!" என்று மறுக்கிறான் எதிரே அமர்ந்தவன். அகராதி வருகிறது, தீர்ப்பு கிடைக்கிறது. விளையாட்டுதானே என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால், எது செல்லும் சொல், எது செல்லாச் சொல் என்று விதிக்கும் உரிமை எவருக்கு உண்டு? ஸ்கிராபிள் எனும் ஆட்டத்தின் வரலாறு இக்கேள்வியை எழுப்பியது, விடையும் தந்தது.

1931ஆம் ஆண்டு. பொருளாதார வீழ்ச்சி அமெரிக்காவை வாட்டிய காலம். வேலையிழந்து வீட்டிலிருந்தோருள் ஒருவர் ஆல்பிரட் மோஷர் பட்ஸ் எனும் கட்டடக் கலைஞர். வாய்ப்பும் அறிவும் கலந்ததோர் ஆட்டத்தை ஆக்க முனைந்தார் அவர். எந்த எழுத்து எத்தனை வேண்டும்? சோதிடம் கேட்கவில்லை, நாளேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக எண்ணினார். மிகுதியாக வரும் 'இ' எழுத்துக்கு 12 சில்லுகள், மதிப்பு 1. அருகி வரும் 'கியூ', 'இசட்' எழுத்துகளுக்கு ஒவ்வொரு சில்லே, மதிப்பு 10. 'எஸ்' அடிக்கடி வருவதுதான். எனினும், எந்தச் சொல்லையும் பன்மையாக்கி எளிதில் எண் பெறலாகாது என்பதால் நான்கோடு நிறுத்தினார். இரண்டு வெற்றுச் சில்லுகளும் சேர, மொத்தம் 100.

ஆட்டத்தை வாங்குவார் இல்லை, நிறுவனங்கள் கைவிரித்தன. 1948இல் ஜேம்ஸ் புருனோ என்பவர் அதனை ஏற்று ஸ்கிராபிள் எனப் பெயரிட்டார். 1949இல் அவர் செய்த 2,400 பெட்டிகளும் அவருக்கு அளித்தது 450 டாலர் நட்டமே! 1952க்குப் பின்னரே நாடெங்கும் அது பரவிற்று.

பரவியதும் பூசலும் பெருகிற்று. ஒருவர் கையிலிருந்த அகராதியில் இருந்த சொல், மற்றவர் அகராதியில் இல்லை. ஆகவே 1978இல் ஆட்டத்திற்கென்றே தனி அகராதி வெளிவந்தது. மக்கள் வழங்கும் சொற்களைத் தொகுத்த ஏடு அது. மக்கள் நாவில் நஞ்சும் உண்டன்றோ? யூதரை, கறுப்பரை இழித்துரைக்கும் சொற்களும் அதில் இடம்பெற்றன. வைத்தவருக்கு எண்களும் பெற்றுத் தந்தன!

1993இல் ஒரு பெண்மணி இதனை எதிர்த்துக் குரல் எழுப்பினார். அக்குரல் வலுத்தது. இழிசொற்களை நீக்குவதாக நிறுவனம் அறிவித்தது. போட்டி ஆட்டக்காரர்களோ சீறினர். "பலகையில் சொல்லுக்குப் பொருள் ஏது? எண் மட்டுமே உண்டு" என்பது அவர்கள் வாதம். வெற்று வாதமன்று அது. பிரெஞ்சு பேசத் தெரியாத நைஜல் ரிச்சர்ட்ஸ், சொற்பட்டியலை மனத்தில் ஏற்றியே 2015இல் பிரெஞ்சு மொழிப் பட்டத்தை வென்றார். முடிவில் சமரசம் கண்டனர்: வீட்டு அகராதியில் நீக்கம், போட்டிப் பட்டியலில் நீடிப்பு.

நீடித்தது 2020 வரை. அவ்வாண்டு மே மாதம், ஜார்ஜ் பிளாய்டு எனும் கறுப்பர், காவலர் ஒருவரின் முழங்காலுக்கு அடியில் உயிர் துறந்தார். நாடு கொதித்தது. சூலையில் வட அமெரிக்க ஆட்டக்காரர் சங்கம் போட்டிப் பட்டியலிலிருந்தும் இழிசொற்களை நீக்க முடிவு செய்தது.

"சொல்லை நீக்கிவிட்டால் இழிவு நீங்கிவிடுமா?" என்று கேட்டனர் சிலர். நீங்காது, ஒப்புகிறோம். பொது அகராதியில் அச்சொற்கள் இருக்கட்டும்; மனிதன் மனிதனுக்கு இழைத்த கொடுமைக்குச் சான்றாக இருக்கட்டும். சான்றாக வைப்பது வேறு. பரிசு கொடுப்பது வேறு. இழிசொல்லைப் பலகையில் வைப்பவனுக்கு அது எண் மட்டுமே. எதிரே அமர்ந்திருப்பவனுக்கோ, அது தன் பாட்டன் முதுகில் விழுந்த சாட்டை!

தோழர்களே! அகராதி வானிலிருந்து இறங்கியதன்று, மனிதர் தொகுத்தது. தொகுத்த கைகளே அதனைத் திருத்தவும் வல்லன. எழுத்தை எண்ணத் தொடங்கிய ஆட்டம், மனிதனை எண்ணிப் பார்க்க ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. காலம் கடந்தேனும் எண்ணிற்று. நாம் அன்றாடம் ஆளும் சொற்களையும் ஒருமுறை நம்முன் பரப்பி வைத்துப் பார்ப்போம்; எவற்றை நீக்க வேண்டும் என்பது விளங்கும்.