காப்பிச் செடியும் மணப்பொறியும்

மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிளை அடுத்த தெருக்களில் காப்பிக் கொட்டை வறுபடும் மணம் எழுந்தால், வழிப்போக்கரான தமிழன்பர்க்கு ஒரு கணம் ஊர் நினைவு வந்துவிடும். அக்கொட்டை விளையும் குடகு, சிக்கமகளூர், நீலகிரி, ஏர்க்காடு மலைகளில் வேறொரு மணத்திற்கும் வேலை உண்டு. அது மனிதரை மயக்குவதற்கன்று, வண்டுகளை அழைப்பதற்கு.

1860-களில் தென்னாட்டுக் காப்பித் தோட்டங்களில், செழித்து நின்ற செடிகள் காரணம் தெரியாமல் வாடிச் சாயலாயின. தண்டைப் பிளந்து பார்த்தால் உள்ளே சுரங்கம் சுரங்கமாகக் குடையப்பட்டிருந்தது. சென்னை சர்க்கார் ஜார்ஜ் பிடி என்னும் மருத்துவரை ஆராய அனுப்பியது. அவரது அறிக்கை 1869-இல் வெளிவந்தது. நிழல் மரங்களை வெட்டித் தள்ளியதால் வெயில்பட்ட செடிகளையே வண்டு தேடிவருகிறது என்பது அவர் கண்ட முடிவுகளில் ஒன்று. நோயாளியைப் பரிசோதிக்கும் வைத்தியர் செடியின் நாடி பார்த்தார் என்று சொல்லலாம்!

இவ்வண்டு வெள்ளைத் தண்டு துளைப்பான் எனப்படும். பெண் வண்டு பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடும். புழு பல மாதங்கள் மரத்தினுள்ளேயே வாழும். பட்டையின்மேல் எழும் மெல்லிய வரம்புகள் தவிர வெளியே அடையாளம் அரிது. மணத்திற்குப் பெயர் பெற்ற அராபிகாவையே இது பெரிதும் நாடும். ரொபஸ்டாவை அநேகமாக அணுகாது. இதற்கு அஞ்சி அராபிகாவைக் கைவிட்ட தோட்டக்காரர் பலர்.

கண்ணுக்கு மறைந்த பகைவனைக் காண விஞ்ஞானம் மூக்கின் வழியே சென்றது. ஜெர்மானிய அறிஞர் பூட்டெனான்ட், ஏறத்தாழ ஐந்து லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளிலிருந்து, ஆண் பூச்சியை அழைக்கும் பொருளைச் சில மில்லிகிராமே பிரித்தெடுத்து 1959-இல் அறிவித்தார். அவ்வாண்டிலேயே இத்தகைய பொருள்களுக்கு 'பெரோமோன்' என்ற பெயரும் பிறந்தது. 1966-இல் அமெரிக்காவில் பைன் மரத்தைத் துளைக்கும் வண்டின் மரத்தூளிலிருந்து மூன்று பொருள்களைக் கண்டனர். தனித்தனியே வைத்தபோது அவை பயன்படவில்லை. கூடியபோதுதான் வண்டுகள் வந்தன. குழம்பில் புளியும் உப்பும் காரமும் சேர்வது போலத்தான் இதுவும்.

நம் தண்டு துளைப்பானுக்கும் இவ்வழியே வினா எழுப்பப்பட்டது. பாலெஹொன்னூரில் 1925-இல் தோன்றிய காப்பி ஆராய்ச்சி நிலையத்தினர் வெளிநாட்டு அறிஞருடன் சேர்ந்து உழைத்தனர். பட்டுப்பூச்சியில் அழைப்பது பெண். இவ்வண்டிலோ அழைப்பது ஆண். அம்மணத்தின் முதன்மைப் பொருள் 2-ஹைட்ராக்ஸி-3-டெகனோன் என்பது. இதைச் செயற்கையாகச் செய்து சிறு உறையில் அடைத்து, குறுக்காகப் பொருத்திய தகடுகளின் நடுவே தொங்கவிடுவர். மோதும் வண்டு கீழுள்ள கலத்தில் விழும். பொறி எல்லா வண்டுகளையும் கொன்றுவிடும் என்று எண்ணலாகாது. ஏப்ரல், மே மாதங்களிலும் பின்பு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் நிகழும் பறப்பு எப்போது தொடங்கியது என்பதை அது தெரிவிக்கும். அதற்கு முன்னரே நோயுற்ற செடிகளைத் தேடிப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். இதில் தாமதித்தால் பொறியால் பெரும் பயன் இல்லை.

தண்டு துளைப்பான் இந்நாட்டுக்கே உரியது. வெளியிலிருந்து புகுந்தது வேறொன்று. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட காப்பிக் காய் துளைப்பான் 1990-இல் நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில் காணப்பட்டது. பின்னர் வயநாட்டையும் குடகையும் எட்டியது. எள்ளளவே உள்ள அந்தக் கருவண்டு தண்டை விடுத்துக் காயினுள் விதையையே துளைக்கும். விளைச்சலைக் கட்டிச்செல்லும் கோணிப்பைகளும் அதற்கு வாகனம். இதை அழைக்கப் பெரோமோன் வேண்டுவதில்லை. மெத்தனாலும் எத்தனாலும் கலந்த ஆவிக்கே சிவப்புப் பொறியை நாடி வருகிறது. ஆயினும் அறுவடைக்குப்பின் உதிர்ந்த பழங்களையும் செடியில் எஞ்சிய காய்களையும் பொறுக்காத தோட்டத்தில், அடுத்த பருவம் வரை அவ்வண்டு அவற்றினுள்ளேயே குடியிருக்கும்.