கருவிக்கு முன் நின்றவர்: தென்பாண்டிச் சீமையில் உருவப்படமும் பரிச்சயமும்

உருவப்படக் கலையின் வரலாற்றை எழுதப் புகுந்தவர்களுள் பெரும்பாலோர் கருவியின் வரலாற்றையே எழுதியிருக்கின்றனர். கண்ணாடித் தகடு எப்போது வந்தது, அது எப்போது பிலிமுக்கு இடம் கொடுத்தது, லென்ஸின் சக்தி எவ்வாறு வளர்ந்தது என்பனவெல்லாம் விரிவாகக் கிடைக்கின்றன. ஆனால் கருவிக்குப் பின்னால் நின்றவருக்கும் அதன் முன்னால் வந்து நின்றவருக்கும் இடையே நிலவிய உறவு எத்தகையது, அது காலந்தோறும் எவ்வாறு மாறிற்று என்பதைக் கேட்டவர்கள் சிலரே. வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஆகிய ஊர்களை உள்ளிட்ட தென்பாண்டிப் பகுதியை மனத்திற் கொண்டு அக்கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். படம் பதிவதற்கு வேண்டிய நேரம் நிமிஷங்களிலிருந்து வினாடியின் சிறு பின்னத்துக்குச் சுருங்கச் சுருங்க, படம் எடுப்பவர் எதிரே இருப்பவரோடு பழகுவதற்குச் செலவிட்ட காலம் நீண்டுகொண்டே வந்திருக்கிறது என்பதும், அதற்குக் காரணம் கருவியன்று, எதிரே இருப்பவர் “வேண்டாம்” என்று சொல்லும் உரிமை பெற்றதே என்பதும் என் துணிபு.

சென்னையில் அலெக்ஸாண்டர் ஹன்டர் 1850-இல் தொடங்கிய கலைப்பள்ளியில் சில ஆண்டுகளுக்குள் ஒளிப்படக் கலையும் கற்பிக்கப்படலாயிற்று. ராஜதானியின் அரசாங்கப் படக்காரராக நியமனம் பெற்ற லின்னேயஸ் ட்ரைப் என்ற இராணுவ அதிகாரி 1858-இல் மதுரைக்கு வந்து, மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கரின் புதுமண்டபத்தையும் மெழுகூட்டிய காகித நெகட்டிவ்களில் பதிவு செய்தார். அப்படங்களில் மனிதர் மிக அரியர். நிமிஷக் கணக்கில் ஒளியேற்க வேண்டிய அக்காகிதத்தில், நடமாடுகிறவன் பதிவதில்லை. நாயக்க மன்னர்களின் கல்லுருவங்கள் நிற்கும் அந்த மண்டபத்தில், அசையாமல் நிற்கும் ஆற்றல் கல்லுக்கே இருந்தது.

மனிதர் படத்துள் வந்தபோதோ, பெரும்பாலும் ஏவலால் வந்தனர். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்னும் அரசாங்க வெளியீட்டில் பலர் தம் பெயரால் அல்லாமல், ஜாதி அல்லது குலத்தின் மாதிரியாகவே நிற்கின்றனர். சென்னை மியூசியத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் குலங்களைப் பற்றி வெளியிட்ட ஏழு தொகுதிகளும் அந்த மரபையே சார்ந்தன. இப்பகுதிக்கு மேற்கே மலைச்சரிவுகளில் வாழும் பளியரும் அவற்றுள் ஒரு பதிவாக இடம் பெற்றிருக்கின்றனர். தர்ஸ்டன் உண்மையை மறைக்காதவர். வயநாட்டுப் பணியர் குலப் பெண்கள் தம்மைக் கண்டதும் ஓடிவிட்டதையும், தங்களுள் சிறந்தவர்களைப் பாடம் செய்து சென்னை மியூசியத்தில் நிறுத்திவிடுவார் என்று அவர்கள் அஞ்சியதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். இதை ஒரு விநோதமாகக் கருதி அவர் குறித்திருக்கலாம். எனக்கு அது அப்பெண்களின் நுண்ணறிவாகவே தோன்றுகிறது: அளவுகோலோடும் கருவியோடும் வந்த மனிதர் தங்களை என்னவாகப் பார்க்கிறார் என்பதை அவர்கள் ஏறத்தாழச் சரியாகவே உணர்ந்திருந்தனர்.

ஒரே கை இருவேறு உறவுகளில் இருவேறு விதமாக இயங்கும் என்பதற்கு ஜூலியா மார்கரெட் காமரூன் அம்மையாரைக் காட்டிலும் தெளிவான சாட்சி இல்லை. இங்கிலாந்தில் டென்னிசன், ஹெர்ஷெல் முதலிய நண்பர்களை நெடுநேரம் உட்காரவைத்து அவர்களின் அந்தரங்கத்தையே முகத்தில் கொணர்ந்த அவர், 1875-இல் கணவரின் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879-இல் அங்கேயே காலமாகும் வரை, களுத்துறைப் பகுதியில் வாழ்ந்த தொழிலாளரையும் தமிழரையும் படமெடுத்தார். ஹெர்ஷெலின் படத்துக்கு ஹெர்ஷெல் என்று பெயர். இவர்களுட் பலரின் படங்களுக்கோ குடியானவர் கூட்டம், இளம் பெண் என்பன போன்ற பொதுப்பெயர்களே. ஆயினும் அம்முகங்களில் சில நம்மை நேராக நோக்கி நிற்கின்றன. அந்நோக்கில் பணிவு குறைவு, வினா மிகுதி.

இந்த உறவைத் தலைகீழாக்கியது பணம். சென்னையில் கிளைன் அண்டு பெயெர்ல், ஜி. கே. வேல் முதலிய ஸ்டூடியோக்கள் செல்வர்க்கும் அதிகாரிகளுக்கும் பணி செய்துவந்தன; உலர்தகட்டின் வரவால் தொழில் எளிதாகி, இருபதாம் நூற்றாண்டில் சிற்றூர்கள் வரை ஸ்டூடியோக்கள் பரவின. இங்கே முதன்முறையாக, எதிரே இருப்பவர் காசு கொடுத்தவர். தாம் எப்படித் தோன்ற வேண்டும் என்பதைச் சொல்லும் அதிகாரம் அவருடையது. பிள்ளைத்தாய்ச்சியாகிய மகளை வளைகாப்புக் கோலத்தில் எடுக்க வேண்டுமென்றும், ஜடையின் பூவும் தெரியப் பின்னால் கண்ணாடி வைக்க வேண்டுமென்றும் தாயார் சொல்ல, போட்டோக்காரர் கேட்டார். அரண்மனைப் படிக்கட்டு தீட்டிய திரைச்சீலை, நிஜத்தில் ஓடாத கைக்கடிகாரம், வாசிக்கப்படாத கனத்த புத்தகம், இரவல் கோட்டு ஆகியவற்றை இக்காலத்தார் பொய்யென்று தள்ளுகின்றனர். அது நியாயமன்று. ஆண்டு முழுதும் புன்செயிலும் வயல்வரப்பிலும் உழைத்த ஒருவர், ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்த இடத்தில் குடும்பத்தோடு திரைக்கு முன் உட்காரும்போது, தம் சந்ததியார் தம்மை எவ்வாறு நினைக்க வேண்டுமென்று விரும்பினாரோ அந்த விருப்பத்தையே அங்கு உடுத்திக்கொண்டார்; போட்டோக்காரர் அதை மதித்தார்.

“தலையைக் கொஞ்சம் சாயுங்க, மூச்சைப் பிடிங்க, ஆடாதீங்க” என்ற அந்தத் தொழிற்பேச்சிலும் பெரும் சாமர்த்தியம் இருந்தது. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்ற நம்பிக்கை வேரோடியிருந்த ஒரு சமூகத்தில், கருப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்ட ஒரு மனிதர் எதிரே இருப்பவரின் அச்சத்தைப் பேச்சினால்தான் தணிக்க முடியும். அதே மனிதர்தாம், உயிரோடிருந்தபோது படமெடுக்க இசையாத கிழவரைக் காலமான பின் நாற்காலியில் சாய்த்து வைத்து எடுக்கவும் அழைக்கப்பட்டார். அப்போது அவர் பேச வேண்டியிருந்தது துக்கத்தில் இருந்த வீட்டாரோடு. பிறப்பு, கல்யாணம், சாவு என்ற மூன்றிலும் ஒரு குடும்பத்தின் உள்ளே செல்லும் அனுமதி, வைத்தியருக்கும் புரோகிதருக்கும் அடுத்தபடியாகப் போட்டோக்காரருக்கே இருந்தது.

சம்மதத்தின் தத்துவத்தைப் பொதுவாழ்வில் தெளிவாக்கியவர் காந்தியடிகள். உறவினராகிய கனு காந்திக்கு அவர் விதித்த நிபந்தனைகள் மூன்று: பிளாஷ் கூடாது, போஸ் கொடுக்கும்படி கேட்கக் கூடாது, ஆசிரமத்திலிருந்து பணம் கிடையாது. 1946-இல் மார்கரெட் போர்க்-ஒயிட் என்ற அமெரிக்க மாது இராட்டையோடு அவரைப் படமெடுக்க வந்தபோது, முதலில் நூற்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றே சொல்லப்பட்டது. அனுமதிக்கப்பட்ட பிளாஷ் பல்புகள் மூன்றே, மூன்றாவதுதான் கைகொடுத்தது. எதிரே இருப்பவரின் தொழிலைச் சிறிதேனும் கையால் அறிந்தவர்க்கே அவரைப் படமெடுக்கும் தகுதி உண்டு என்ற இவ்விதி, எனக்குத் தெரிந்தவரை எந்தக் கலைப்பள்ளியிலும் கற்பிக்கப்படவில்லை.

இதற்கு நேர்மாறான ஓர் இணக்கத்தை, நம் விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியில் 1879-இல் பிறந்த ரமண மகரிஷியிடம் காண்கிறோம். காந்தியடிகள் நிபந்தனை விதித்தார். ரமணரோ எவருக்கும் தம்மை மறுக்கவில்லை. உட்காரச் சொன்னால் உட்கார்ந்தார், கைத்தடியும் கமண்டலமுமாக நிற்கச் சொன்னால் நின்றார். சென்னை வைத்தியரான டி. என். கிருஷ்ணசாமி பலமுறை திருவண்ணாமலைக்கு வந்து ஏராளமான படங்கள் எடுத்தார். தொழில்முறைப் படக்காரர் அல்லாத அவருடைய படங்களில் ஆசிரமத்தின் அன்றாடம் தானாகவே வந்து விழுந்திருக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த ஜி. ஜி. வெல்லிங் 1946-இல் எடுத்த மார்பளவுப் படம் பக்தர்களின் பூஜையறைகளை அடைந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது, பல ஆண்டுப் பரிச்சயத்தின் பலன் ஒன்றிலும், ஒரே சந்திப்பின் தீவிரம் மற்றொன்றிலும் விளங்குகின்றன. பரிச்சயமே நல்ல படத்துக்கு இன்றியமையாதது என்று நான் சொல்ல வந்த வாதத்தை வெல்லிங்கின் படம் சற்றே தடுத்து நிறுத்துகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அங்கே தயக்கத்தைக் களையும் பணி முழுவதையும் எதிரே அமர்ந்தவரே செய்து முடித்திருந்தார் என்பதும் கவனிக்கத் தக்கது. 1948 ஜனவரியில் காந்தியடிகளின் இறுதி நாட்களைப் படமெடுத்த ஆன்ரி கார்த்தியே-பிரஸோன் என்ற பிரெஞ்சுக்காரர், 1950 ஏப்ரல் 14 அன்று இரவு 8.47-க்கு மகரிஷி மறைந்தபோதும் திருவண்ணாமலையில் இருந்தார். கையடக்கமான லைக்கா கருவி அவரிடம் இருந்தது; ஆயினும், அங்கே காத்திருந்த நாட்களைக் கருவியின் வேகத்தால் குறைத்துவிட முடியவில்லை.

பின்னர் வந்த ஒரு மாற்றத்தையும் குறிப்பிட வேண்டும். 1993-இல் டி. என். சேஷன் ஆணையிட்ட வாக்காளர் அடையாள அட்டையின் வழியாக, ஊர்ப் பள்ளிக்கூடங்களில் வரிசையாக நின்று நேராகப் பார்க்கும் முகம் மீண்டும் வந்தது. முன்பு மாதிரியாக நின்ற மனிதருக்கு இப்போது பெயரும் எண்ணும் கிடைத்தன; பேச்சு கிடைக்கவில்லை. அந்த அட்டையிலுள்ள தம் படத்தை அவரவர் வெறுப்பது அழகின்மையால் அன்று. அதை எடுக்கையில் எவரும் தம்மோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்ற காரணத்தாலேயே என நினைக்கிறேன்.

இதற்கு மாற்றாக நம் காலத்தில் நிற்பது, கரிசல் இலக்கியத்தின் மூலபுருஷரான கி. ராஜநாராயணனைப் புதுவை இளவேனில் எடுத்த படங்கள். இடைசெவலை விட்டு 1989-இல் புதுச்சேரிக்குச் சென்ற கி. ரா., 2021-இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார். அவரோடு நெடுங்காலம் பழகிய இளவேனிலின் படங்களில், நம் பக்கத்துச் சம்சாரியின் முகம் தன்னைப் பார்ப்பவரைப் பற்றிய நினைவே இல்லாமல் சிரிக்கிறது.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் உதவியோடு, பழைய தமிழ் ஸ்டூடியோக்களின் படங்களைத் திரட்டிப் பாதுகாத்திருக்கிறது. அம்முயற்சி போற்றத் தக்கது. ஆனால் படத்தைத் திரட்டுவதோடு பேச்சையும் திரட்ட வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், வத்திராயிருப்பு ஆகிய ஊர்களில் இருட்டறையில் தொழில் பயின்ற முதியவர்கள் இருக்கும்போதே, யாரை எப்படி உட்கார வைத்தார்கள், யார் மறுத்தார்கள், மறுத்தவரை என்ன சொல்லி இசைவித்தார்கள் என்பதை அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலையை இப்பகுதிக் கல்லூரிகளின் வரலாற்று மாணவர்கள் இவ்வாண்டிலேயே தொடங்கலாம். நெகட்டிவ் உறைகளின்மேல் பென்சிலால் எழுதிய பெயர்களைப் பிரதி செய்துகொள்வது அதில் முதற்காரியமாக இருக்கட்டும்.