கரையோரப் பெருவழியும் தங்குமடமும்

ஒரு நாட்டின் வரலாற்றினை அரசர்தம் கோட்டைகளையும் கோயில்களையும் கொண்டு மட்டும் அறிந்துவிடல் இயலாது. அந்நாட்டிலே முன்பின் அறியப்படாத வழிப்போக்கன் ஒருவன் பொழுதுபட்ட வேளையில் எங்கே தங்கினான், யாருடைய கிணற்றில் நீர் அருந்தினான் என்பனவும் வரலாற்று வினாக்களேயாம். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரை இவ்வினாக்களுக்கு விடைதருவன தெருவோரத்து மடங்களாகும்.

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த பழைய ஊர்களுள் கோப்பாய் ஒன்று. 1560இல் போர்த்துக்கேயர் நல்லூரைத் தாக்கியபோது மன்னன் சங்கிலி கோப்பாய்க் கோட்டைக்குப் பின்வாங்கினான் என்பது வரலாறு. கோப்பாயிலிருந்து ஒரு வழி கடனீரேரியைக் கடந்து கைதடிக்குச் செல்கின்றது. மற்றையது நீர்வேலி, புத்தூர், அச்சுவேலி ஆகிய ஊர்களைத் தாண்டி வல்லை வெளியினூடே வடமராட்சியை அடைகின்றது. வலிகாமத்தின் செம்மண் கமங்களைக் கண்டு வந்தவனுக்கு வல்லை வெளி வேறோர் உலகமாகத் தோன்றும். அங்கே நிழல் இல்லை. குடிக்கத்தக்க நீரும் அரிது. கடற்காற்றும் உவர்நிலமுமே உள. சுண்ணக்கற் பாறையாலான குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இன்மையால், நடந்து செல்பவன் பிறர் தோண்டிய கிணற்றையே நம்பவேண்டியிருந்தது. ஆகவே தங்குமிடம் அமைத்தல் என்பது இங்கு முதற்கண் நீர் வழங்குதலாகவே இருந்தது.

கரைக்கு வந்த அயலவருக்குப் புகலளித்தல் தொடர்பான மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று நயினாதீவில் உள்ளது. முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டு அது. பரதேசிகள் ஊராத்துறையிலே, அதாவது இன்றைய ஊர்காவற்றுறையிலே, வந்து தங்கவேண்டும் என்றும், அவர்கள் காக்கப்பட வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. யானை, குதிரை ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் உரியன. வாணிக மரக்கலமாயின் செம்பாகம். அயலவனைப் பேணுதலும் அவனிடமிருந்து வருவாய் பெறுதலும் அக்கல்லில் இணைந்தே நிற்கின்றன.

அரசாணையால் அமைந்த இப்பாதுகாப்பு துறைமுகத்தோடு நின்றது. உள்நாட்டு வழிகளிலே அப்பணியை ஏற்றோர் ஊரவரே. செல்வர் சிலர் காணியை ஒதுக்கி, மடம் கட்டிக் கிணறும் தோண்டித் தருமசாதனம் செய்தனர். மடத்தின் அருகே மாடுகள் நீர் அருந்தும் தொட்டியும், உடலை உராய்ந்து கொள்வதற்கு ஆவுரஞ்சிக் கல்லும் நாட்டப்பட்டன. தலைச்சுமையோடு வருவோர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கவும் ஏற்றவும் சுமைதாங்கி அமைக்கப்பட்டது. சூலுற்று இறந்த பெண்களின் நினைவாகவே சுமைதாங்கி கட்டும் வழக்கம் இருந்தது. வயிற்றிலே சுமையோடு மாண்டவளின் பாரம் பிறர் பாரம் இறங்கத் தீரும் என்பது அவ்வழக்கின் உட்பொருள்.

பருத்தித்துறையிலே தும்பளை செல்லும் வழியிலுள்ள தெருமூடிமடம் இவ்வமைப்பின் சிறந்த எடுத்துக்காட்டு எனலாம். தெருவின் இருமருங்கும் கற்றூண்கள் தாங்கிய திண்ணைகள் உயர்ந்து நிற்க, தெருவையும் சேர்த்து ஒரே கூரை மூடியிருத்தலின் இப்பெயர் பெற்றது. வண்டிகள் நடுவே செல்லும். நடந்து வந்தோர் திண்ணைகளிலே படுத்துறங்குவர். வடமராட்சித் துறைகளுக்கும் தென்னிந்தியாவுக்கும் இடையே தோணிகள் சென்றுவந்த காலத்தில், காற்றுக்காகக் காத்திருப்போருக்கு இத்தகைய இடங்கள் இன்றியமையாதனவாயின.

யாத்திரை வழிகளில் மடங்கள் மேலும் பெருகின. கீரிமலையிலே தீர்த்தமாடவும் பிதிர்க்கடன் ஆற்றவும் வந்தோருக்கெனச் சிறாப்பர் மடம் முதலியன எழுந்தன. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் அன்னதானக் கந்தன் எனப் பெயர் பெற்றமைக்கு அக்கோயிலைச் சூழ்ந்த மடங்களே காரணம். அங்கிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்வோர் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, உகந்தை எனக் கிழக்குக் கரையோரமாகப் பல வாரங்கள் நடப்பர். கோயில் மண்டபமும் ஊரவர் இடும் சோறுமே அவர்களின் துணை.

சமயத் தாபனமே வழிப்போக்கருக்குப் புகலிடமாதல் நம் நாட்டிற்கு மட்டும் உரிய வழக்கன்று. மத்தியதரைக் கடலிலுள்ள கிறீற் தீவின் தென்கரையில் மலைகள் நேரே கடலில் இறங்குகின்றன. லூத்திரோ போன்ற சிற்றூர்களைப் படகாலோ கால்நடையாலோ மட்டுமே அடையலாம். அக்கரையிலுள்ள பிரெவெலி துறவிமடம் 1941இல், யேர்மனியர் தீவைக் கைப்பற்றியபின், பிரித்தானிய, அவுஸ்திரேலிய, நியூசீலாந்துப் படைவீரரை மறைத்துவைத்து உணவளித்து, நீர்மூழ்கிக் கப்பல் மூலம் எகிப்துக்குத் தப்பிச்செல்ல உதவியது. அதற்கு விலையாக யேர்மனியரின் சூறையாடலுக்கும் உள்ளாயிற்று. மொழியாலும் சமயப் பிரிவாலும் வேறுபட்டோரையும் ஏற்றமையே அம்மடத்தின் பெருமை.

இவ்வளவுகோலை நம் மடங்களுக்கும் இட்டுப் பார்த்தல் வேண்டும். வந்தவர் எல்லோர்க்கும் திண்ணை ஒன்றாக இருந்ததா? யாழ்ப்பாணச் சமூகத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர்க்குக் கோயிற் கதவும் பொதுக்கிணறும் மறுக்கப்பட்டிருந்தன. தேநீர்க் கடைகளில் அவர்களுக்கு வேறு குவளை வைக்கப்பட்டது. 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும் இந்நிலை உடனே மாறவில்லை. கீரிமலைக்கு அணித்தாயுள்ள மாவிட்டபுரத்திலே 1968இல் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ வேண்டியிருந்தது. கிணற்றைத் தொடவும் கோயிலுள் நுழையவும் தடைசெய்த ஒரு சமூகம் மடத்துத் திண்ணையை மட்டும் அனைவருக்கும் திறந்துவிட்டிருந்தது எனக் கொள்ளுதற்கு இடமில்லை. துலாவைத் தொட இயலாதவனுக்கு மடத்துக் கிணறு இருந்தும் இல்லாததே. எனவே மடம் என்பது ஈகையின் சான்று. ஈகை எவ்வெல்லையில் நின்றது என்பதற்கும் அதுவே சான்று.

ஐரோப்பியர் ஆட்சியில் வேறொரு தங்குமிடம் தோன்றியது. சுற்றுப்பயணம் செய்யும் உத்தியோகத்தர் தங்குதற்கான வாடிவீடு அது. ஆனையிறவிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையும் பின்னர் வாடிவீடாகப் பயன்பட்டது. வாடிவீட்டில் தங்குவதற்குக் கட்டணம் உண்டு. மடத்திலே புண்ணியம் கருதப்பட்டது. வாடிவீட்டிலே பதவியும் பணமும் கருதப்பட்டன.

மடங்களின் தேவையைக் குறைத்தவை புதிய போக்குவரத்து வசதிகளே. 1905இல் வடபகுதி இருப்புப்பாதை முற்றுப்பெற்றது. பின்னர் பேருந்துகள் வந்தன. ஒரு பகல் நடைக்குரிய பருத்தித்துறைப் பெருவழி ஒரு மணி நேரப் பயணமாயிற்று. இடைவழியில் இரவு தங்குவோர் அருகினர். போர் எஞ்சியவற்றையும் தாக்கியது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது கீரிமலைக் கரையும் ஆளரவம் அற்றது. 2009இல் போர் முடிவுற்றபின் கதிர்காம யாத்திரை மீண்டும் தொடர்கின்றது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடல்நடுவில் உள்ள கோட்டை கடற்படையினரால் கட்டண விடுதியாக மாற்றப்பட்டது. தெருவோரத்து மடங்கள் பலவோ கூரையிழந்து, வீதி அகலிப்பின்போது இடிக்கப்படும் நிலையில் உள்ளன.

இவற்றைப் பேணவேண்டும் என்று கூறுவது எளிது. எதனைப் பேணுகின்றோம் என்று அறிந்து பேணுதலே வரலாற்று மாணவரின் கடன். தூண்களை அளப்பதோடு, தருமசாதன உறுதிகளைத் தேடிப் படித்தல் வேண்டும். கட்டியவர் யார், காணி எவருடையது, யாருக்கென எழுதப்பட்டது என்பவற்றைப் பதிவுசெய்தல் வேண்டும். அவ்வுறுதிகளில் இடம்பெறாதோர், அதாவது திண்ணைக்கு வெளியே நின்றோர், தம் நினைவிற் கொண்டுள்ள செய்திகளையும் முதியோர் வாழும்போதே கேட்டெழுதுதல் வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்தபோதே மடத்தின் வரலாறு முழுமை பெறும்.