விழித்தாவல்

கண்கள் ஒரு புள்ளியிலிருந்து மற்றொரு புள்ளிக்குச் சட்டெனப் பாய்ந்து நிற்கும் அசைவு விழித்தாவல் எனப்படும். விழித்திருக்கும் வேளையில் நொடிக்கு ஏறத்தாழ 3 முறை இது நிகழ்கிறது. பெரிய தாவல்களின் உச்ச வேகம் நொடிக்கு 500 பாகையைத் தாண்டும்.

விழித்திரையின் நடுவே, கூம்பு செல்கள் நெருங்கிச் செறிந்த சிறு குழி மட்டுமே நுணுக்கமாகக் காணும். கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினால் அதன் நகம் மறைக்கும் அளவுதான் அதன் பார்வைப் பரப்பு. அதற்கப்பால் போகப் போக மங்கல். வேண்டியதை அந்தக் குழிக்குள் கொண்டுவரவே கண் ஓயாமல் தாவுகிறது. படிக்கும்போதும் அது வரிமேல் வழுக்கிச் செல்வதில்லை. கால் நொடியளவு நின்று, அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. 1870களின் இறுதியில் பாரிஸில் கண் மருத்துவர் எமில் ஜாவாலின் ஆய்வுக்கூடத்தில் இது கண்டறியப்பட்டது.

எங்கே தாவுவது என்பதை முன்மடலின் விழிப்புலமும் நடுமூளையின் மேற்குன்றும் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. மேற்குன்றில் பார்வைவெளியின் வரைபடமே நரம்புசெல்களால் அமைந்திருக்கிறது. அதில் எந்த இடம் கிளர்கிறதோ அத்திசைக்குக் கண் திரும்பும். கிடைமட்டத் தாவலுக்கான ஆணையை மூளைத்தண்டிலுள்ள பான்ஸும் செங்குத்துத் தாவலுக்கானதை நடுமூளையும் உருவாக்குகின்றன. கண்ணை வெடுக்கென இழுக்க ஒரு விசை, சேர்ந்த இடத்தில் பிடித்து நிறுத்த இன்னொரு விசை என ஆணைக்கு இரு கூறுகள் உண்டு. தாவலின் அளவு பிசகாமல் சிறுமூளை திருத்திக்கொண்டே இருக்கிறது.

இதில் பெரும் வியப்பு, இத்தனை தாவலிலும் உலகம் அசையாமல் தெரிவதுதான். கண்ணாடியில் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறிமாறிப் பாருங்கள். உங்கள் கண் நகர்வதை ஒருபோதும் காண மாட்டீர்கள், அருகில் நிற்பவர் காண்பார். தாவும் கணத்தில் மூளை பார்வையின் உணர்திறனைக் குறைத்துவிடுகிறது. கூடவே, கண்ணின் அசைவைக் கணக்கில் கொள்ள, தசைகளுக்கு அனுப்பும் ஆணையின் நகலைத் தன்னிடமும் வைத்துக்கொள்கிறது. இமைமேல் விரலால் மெல்ல அழுத்தினால் காட்சி ஆடுவது, அந்த அசைவுக்கு அப்படியொரு நகல் இல்லாததால்தான். நகல் செல்லும் பாதை ஒன்று, மேற்குன்றிலிருந்து தலாமஸ் வழியாக விழிப்புலத்துக்குப் போவதை ஆய்வாளர்கள் சோமரும் உர்ட்ஸும் 2002இல் குரங்குகளில் காட்டினர்.

விழித்தாவல் நோயறியவும் உதவுகிறது. முற்றிவரும் மேலுட்கருவாதம் (progressive supranuclear palsy) என்னும் மூளை நோயில் செங்குத்துத் தாவல், குறிப்பாகக் கீழ்நோக்கியது, மெதுவாகிப் பின்னர் நின்றுபோகும். அப்போதும் மருத்துவர் நோயாளியின் தலையைப் பிடித்துச் சாய்த்தால் கண்கள் மேலும் கீழும் நகரும். தசைக்கும் அதன் நரம்புக்கும் பழுதில்லை, பழுது அவற்றுக்கு மேலே என்று அதிலிருந்து தெரியும்.